பரிஸில் உடல், வார்சோவில் இதயம்

போலந்தின் தலைநகர் வார்சோவில் திருச்சிலுவைத் தேவாலயத்தின் தூண் ஒன்றுக்குள் ஒரு மனித இதயம் இருக்கிறது. மதுசாரம் நிரப்பிய கண்ணாடிக் குடுவையில் அது வைக்கப்பட்டுள்ளது. அந்த இதயத்துக்கு உரியவர் பியானோ இசைமேதை பிரெடெரிக் ஷோபன். அவருடைய உடலோ பரிஸ் நகரின் பெர் லாஷேஸ் மயானத்தில் உறங்குகிறது.

1810ஆம் ஆண்டு, வார்சோவுக்கு மேற்கே ஷெலாசோவா வோலா என்ற கிராமத்தில் ஷோபன் பிறந்தார். தந்தை பிரான்ஸிலிருந்து வந்து குடியேறிய ஆசிரியர். தாய் போலந்துப் பெண்மணி. 1815இலிருந்து வார்சோ ரஷ்யப் பேரரசரின் ஆட்சிக்குள் இருந்தது. ஏழு வயதிலேயே ஷோபனின் முதல் இசைப்படைப்பு அச்சேறிவிட்டது.

1830 நவம்பர் 2ஆம் திகதி, இருபது வயதில், வியன்னாவை நோக்கிப் புறப்பட்டார். ஒரு மாதம் கழிவதற்குள் வார்சோவில் ரஷ்யாவுக்கு எதிரான எழுச்சி வெடித்தது. கூடப் போயிருந்த நண்பர் போராடுவதற்காக ஊர் திரும்பினார். ஷோபன் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு செப்டெம்பரில், ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் நின்றபோது, வார்சோ வீழ்ந்த செய்தி வந்தது. அப்போது அவர் எழுதிய நாட்குறிப்பில் ஆத்திரமும் இயலாமையும் கொட்டிக் கிடக்கின்றன. பின்னர் பரிஸ் போய்ச் சேர்ந்தார். இறக்கும்வரை சொந்த மண்ணை மிதிக்கவேயில்லை. 1835இல் பிரெஞ்சுக் கடவுச்சீட்டைப் பெற்றுக்கொண்டார். அதே ஆண்டு கார்ல்ஸ்பாட் நகரில் பெற்றோரைச் சந்தித்தார். அதுவே கடைசிச் சந்திப்பு.

ஷோபனைக் கேட்கத் தொடங்குவோருக்குப் பலரும் 'புரட்சிப் பயிற்சி' என்று பெயர் பெற்ற படைப்பைக் காட்டுவார்கள். அந்தப் பெயர் அவர் இட்டதல்ல. நான் மசூர்காக்களைத்தான் சொல்வேன். மசூர்கா என்பது அவர் பிறந்த மசோவியப் பகுதியின் நாட்டார் நடனம். ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று அடிகள். வோல்ட்ஸ் நடனத்துக்கும் மூன்று அடிகள்தான், ஆனால் அங்கே அழுத்தம் முதலாவதில் விழும். மசூர்காவில் அது இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ நழுவிவிடும். காலைத் தூக்கியவர் வைப்பதற்குச் சற்றுத் தயங்குவது போல இருக்கும். ஐம்பதுக்கும் மேற்பட்ட மசூர்காக்களை அவர் எழுதினார். பெரும்பாலானவை பிரான்ஸில் பிறந்தவை. இறுதிக் காலத்திலும் அவர் அதை விடவில்லை.

கேட்கும்போது முதலில் இடது கையைக் கவனியுங்கள். அது தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வலது கை அதன்மேல் கொஞ்சம் பிந்தியும் முந்தியும் நடக்கும். மாணவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முறையும் இதுதான். ஓபஸ் 17இல் நான்காவதாக வரும் மசூர்கா சுமார் ஐந்து நிமிடங்கள் ஒலிக்கும். நடுவில் ஊர்க் கொண்டாட்டத்தின் சத்தம் ஓங்கி எழுந்து அடங்கும். முடிவில், தொடக்கத்தில் கேட்ட அதே சுரங்கள் திரும்பி வந்து, வீடு போய்ச் சேராமலே நின்றுவிடும். முதல் தடவை கேட்டபோது ஒலிப்பதிவு அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

பெரிய அரங்குகள் அவருக்கு ஒத்துவரவில்லை. வாழ்நாளில் அவர் வழங்கிய பொதுக் கச்சேரிகள் ஏறத்தாழ முப்பதுதான். பியானோ கற்பித்தே பிழைத்தார். ஒரு பாடத்துக்கு 20 பிராங்க். எழுத்தாளர் ஜோர்ஜ் சாண்டுடனான காதலைப் பற்றித் திரைப்படங்கள் வேண்டிய அளவு பேசியிருப்பதால் அதை இங்கே விடுகிறேன்.

1848 நவம்பர் 16ஆம் திகதி, நோயால் மெலிந்து போயிருந்த நிலையில், லண்டன் கில்ட்ஹோல் மண்டபத்தில் போலந்து அகதிகளுக்கு நிதி திரட்டும் நிகழ்வில் வாசித்தார். அதன்பின் மேடை ஏறவில்லை. 1849 ஒக்டோபர் 17ஆம் திகதி பரிஸில் காலமானபோது வயது 39. அவரது விருப்பப்படி எடுக்கப்பட்ட இதயத்தை அக்கா லுட்விகா இரகசியமாக வார்சோவுக்குக் கொண்டுபோனார்.

அதன் பிறகும் அவரை விடவில்லை. 1863 எழுச்சியின்போது, அவர் இளமையில் வாசித்த பியானோவை ரஷ்யப் படையினர் மாளிகை யன்னலால் தெருவில் தூக்கி எறிந்தனர். 1940இல் நாசிகள் வார்சோவிலிருந்த அவரது சிலையைத் தகர்த்தனர். அவரது இசையைப் பொது இடங்களில் வாசிக்கத் தடை விதித்தனர். சொற்களே இல்லாத இசைக்குத் தடை! ஆனாலும் மக்கள் வீடுகளுக்குள் கூடி அதை வாசித்தார்கள், கேட்டார்கள்.

1944 வார்சோ எழுச்சியில் திருச்சிலுவைத் தேவாலயம் போர்க்களமானது. இதயம் ஜேர்மனியரின் கைக்குப் போய், பின்னர் போலந்து ஆயர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. போர் முடிந்து, 1945 ஒக்டோபர் 17ஆம் திகதி, அவருடைய நினைவு நாளில், அதை மீண்டும் வார்சோவுக்கு எடுத்துவந்தார்கள். வரும் வழியில் ஷெலாசோவா வோலாவில், அவர் பிறந்த வீட்டுக்கும் அது கொண்டுசெல்லப்பட்டது.