மீசை வைத்த அன்னை

நூறாண்டுகளுக்கு முன், குஜராத்தின் பவநகரில் வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்ட ஒருவர், மழலை மாறாத குழந்தைகளின் நடுவே தரையில் அமர்ந்து காக்கைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையில் பிரம்பு இல்லை, பாடநூலும் இல்லை. அடர்ந்த மீசையும் தாய்க்குரிய பரிவும் கொண்டிருந்த அவரை மக்கள் 'மூச்சாளி மா' என்றழைத்தனர். மீசை வைத்த அன்னை என்பது அதன் பொருள். அவரே கிஜுபாய் பதேகா.

கிரிஜாசங்கர் என்பது அவரது இயற்பெயர். 1885ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் சௌராட்டிரப் பகுதியிலுள்ள சித்தல் என்னும் ஊரில் பிறந்தார். பொருளீட்டும் பொருட்டு 1907இல் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். ஈராண்டில் திரும்பி, மும்பையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1913இல் மகன் பிறந்தான். அவனை எப்படி வளர்ப்பது, எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்னும் கேள்விகள் அவரை வழக்குகளைவிட மிகுதியாக வருத்தின. விடை தேடியபோது, இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் கருத்துகள் அவருக்கு அறிமுகமாயின. 1916இல், நானாபாய் பட் நடத்திவந்த தட்சிணாமூர்த்தி மாணவர் இல்லத்தில் பணியேற்றார். அங்கு வளர்ந்த மாணவர்களுக்குக் கற்பித்த பட்டறிவு, மாற்றத்தை இன்னும் இளமையிலேயே தொடங்க வேண்டும் என்று அவருக்கு உணர்த்தியது. 1920இல் 'பால மந்திர்' என்னும் மழலையர் பள்ளி பிறந்தது.

அக்கால வகுப்பறையில் ஆசிரியர் கேட்டாலன்றிக் குழந்தை வாய்திறத்தல் கூடாது. கேட்டபோதும் மனப்பாடம் செய்த விடையையே ஒப்பிக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் ஓயாது பேசிய பிள்ளை, பள்ளிப் படியேறியதும் ஊமையானது. அச்சம் பறித்துக்கொண்ட அந்தப் பேச்சை மீட்கும் வழியாகவே கிஜுபாய் கதையைக் கைக்கொண்டார்.

அவர் சொன்னவை பெரும்பாலும் குஜராத்தி மக்களிடையே வழங்கிய நாட்டார் கதைகள். அவற்றுள் ஒன்று, எதற்கும் கலங்காத காக்கையின் கதை. சினங்கொண்ட அரசன் அதைச் சேற்றில் எறியச் செய்கிறான், பின்பு கிணற்றில், பின்பு முள்ளில். ஒவ்வொரு முறையும் காக்கை மகிழ்ந்து பாடுகிறது. பாட்டின் அமைப்பு மாறுவதில்லை. இடத்துக்கேற்பச் சில சொற்களே மாறுகின்றன. மொழி கற்கும் குழந்தைக்கு இதனினும் நல்ல பயிற்சி அரிது. இரண்டாம் முறை கேட்கையில் வாக்கியத்தின் வடிவம் மனத்தில் படிகிறது. மூன்றாம் முறை, சொல்பவர் வாயெடுக்கும் முன்பே குழந்தை அதைச் சொல்லிவிடுகிறது. திருத்துவோரும் இல்லை, நகைப்போரும் இல்லை.

கேட்ட கதையைத் தன் சொற்களில் திரும்பச் சொல்லும்போது, எது முன்பு, எது பின்பு, எதனால் என்று கோத்துப் பேசக் குழந்தை பழகுகிறது. கதையை நடிக்கும்போதோ அரசனுக்கு ஒரு குரல், காக்கைக்கு ஒரு குரல் எனப் பேச்சின் ஏற்ற இறக்கங்கள் கைவருகின்றன. பால மந்திரில் கதையோடு பாட்டும் நாடகமும் ஓயாது நிகழ்ந்தமைக்குக் காரணம் இதுவே.

இங்குக் கிஜுபாயின் துணிவையும் கருத வேண்டும். இளங்குழந்தைகளுக்குக் கற்பனைக் கதைகள் ஏற்றவை அல்ல என்பது மாண்டிசோரியின் எண்ணம். அவரைப் பெரிதும் மதித்த கிஜுபாய் இதில் மட்டும் அவர்வழி செல்லவில்லை. தம்முன் அமர்ந்திருந்த குழந்தைகளின் முகங்களையே நம்பினார். கதையின் இறுதியில் நீதியை ஒட்டவைக்கும் வழக்கத்தையும் அவர் ஏற்கவில்லை. கதை மகிழ்ச்சிக்கு உரியது. பிற பயன்கள் தாமே வரும் என்பது அவர் துணிபு. எந்த வயதினர்க்கு எக்கதை, அதை எவ்வாறு சொல்வது என்பனவற்றை ஆராய்ந்து, கதை சொல்லும் கலைக்கென்றே 'வார்த்தா நும் சாஸ்திர' என்னும் விரிவான நூலை எழுதினார்.

கதை சொல்லிப் பொழுதைக் கழித்தால் பாடம் நடப்பது எப்போது என்று பெற்றோரும் ஆசிரியரும் ஐயுற்றனர். அந்த ஐயத்துக்கு விடையாக அமைந்தது, 1930களின் தொடக்கத்தில் வெளிவந்த 'திவாஸ்வப்ன' என்னும் புனைவு. பகற்கனவு என்பது அத்தலைப்பின் பொருள். அதில் இலட்சுமிராம் என்னும் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஏற்கிறார். முதல் நாள் வகுப்பை அமைதிப்படுத்த முயன்று தோற்கிறார். கதை சொல்லத் தொடங்கியதும் கூச்சலிட்ட மாணவர் கட்டுண்டு அமர்கின்றனர். பாடநூலுக்குரிய பணத்தில் கதைநூல்கள் வாங்கப்படுகின்றன. கேட்டவர்கள் படிக்கத் தொடங்குகின்றனர். தோல்வியையும் மறைக்காமல் சொல்வதே அந்நூலின் சிறப்பு.

குழந்தைகளுக்கென ஏராளமான சிறுநூல்களை எழுதிய கிஜுபாய், 1939ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் மும்பையில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 53. பவநகரில் அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், பின்னாளில் மராட்டியத்தின் போர்டியிலும் கோஸ்பாடிலும் மழலையர் கல்விப் பணியைத் தொடர்ந்தார். பள்ளிக்கு வர இயலாத பழங்குடிக் குழந்தைகளுக்காக, அவர்தம் குடிசை முற்றங்களுக்கே பள்ளி சென்றது.