நீதிபதி கே. சுப்பா ராவ்: எல்லை எங்கே என்று கேட்டவர்

நான் சட்டம் படித்தவன் அல்லன். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, மத்திய அரசுப் பணியில் பல ஊர்களில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஆனாலும் ஒரு நீதிபதியைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. உத்தியோகத்தில் சில வருஷங்கள் நில ஆர்ஜிதக் கோப்புகள் என் மேஜைக்கு வந்தன. ஒருநாள் வயதான விவசாயி ஒருவர் நேரில் வந்து, தம் நிலத்துக்கு இந்த விலையை யார் தீர்மானித்தது என்று கேட்டார். விதியைக் காட்டி அனுப்பி வைத்தேன். அந்த விதியைச் செய்பவர்களின் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்று அவர் மேலும் கேட்டிருந்தால், என்னிடம் பதில் இருந்திராது. அந்தக் கேள்வியையே நீதிபதி ஆசனத்தில் அமர்ந்து விடாமல் கேட்டவர், காலஞ்சென்ற கோகா சுப்பா ராவ்.

1902-ல் ராஜமகேந்திரவரத்தில் பிறந்த அவர், சென்னை சட்டக் கல்லூரியில் படித்து, சென்னையிலேயே வக்கீல் தொழில் நடத்தினார். 1948-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். ஆந்திர மாநிலம் பிரிந்தபின், 1954-ல் குண்டூரில் தொடங்கிய உயர் நீதிமன்றத்துக்கு முதல் தலைமை நீதிபதி அவரே. 1958 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சென்றார்.

அங்கே அவர் பல வழக்குகளில் சிறுபான்மைத் தீர்ப்பு எழுதினார். அவற்றுள் முக்கியமானது 1962-ல் வந்த கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் கொள்ளை வழக்கு ஒன்றில் கைதாகி, சாட்சியம் இல்லாததால் விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் போலீஸார் அவர்மேல் சரித்திரப் பதிவேடு திறந்து, இரவில் கதவைத் தட்டுவதும், போகுமிடமெல்லாம் கண்காணிப்பதுமாக இருந்தனர். பெரும்பான்மை நீதிபதிகள் இரவுச் சோதனையை மட்டும் செல்லாது என்றனர். சுப்பா ராவோ, கண்காணிப்பு விதி முழுவதுமே செல்லாது, அந்தரங்கம் தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று எழுதினார். நீதிபதி ஷா அவருடன் சேர்ந்தார்.

அடுத்து 1964-ன் வஜ்ரவேலு முதலியார் வழக்கு. வீட்டு வசதித் திட்டத்துக்காக எடுக்கும் நிலத்துக்கு மட்டும் குறைந்த நஷ்ட ஈடு தர வகை செய்தது ஒரு சென்னைச் சட்டம். ஒரே மாதிரி நிலத்துக்கு, எடுக்கும் காரணத்தைப் பார்த்து வேறு வேறு விலை தருவது சமத்துவத்துக்கு விரோதம் என்று சொல்லி, சுப்பா ராவ் அதைச் செல்லாததாக்கினார். நஷ்ட ஈடு என்ற சொல்லுக்கு நியாயமான ஈடு என்றுதான் அர்த்தம் என்பதையும் நிலைநாட்டினார். இந்தத் தீர்ப்பைப் படித்தபோது அந்த விவசாயியின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

1966 ஜூன் மாதம் அவர் இந்தியாவின் தலைமை நீதிபதியானார். அடுத்த வருஷம் பிப்ரவரி 27 அன்று வந்தது கோலக்நாத் தீர்ப்பு. நான் அப்போது பி.யு.சி. மாணவன். எங்கள் குடும்பத்துக்குத் தஞ்சை ஜில்லாவில் கொஞ்சம் நிலம் இருந்தது. குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்த 1961-ம் வருஷச் சென்னைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1964-ல் செல்லாதென்றது. அதே வருஷம் 17-வது திருத்தம் அதை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றியது. ஆகவே கோலக்நாத் செய்தி வந்ததும் திண்ணையில் ஒரே குதூகலம். நிலம் பிழைத்தது என்றார்கள் பெரியவர்கள்.

உண்மையில் நிலம் பிழைக்கவில்லை. பஞ்சாப் ஜலந்தரைச் சேர்ந்த கோலக்நாத் குடும்பத்தாருக்கே அவர்கள் நிலம் திரும்பவில்லை! 11 நீதிபதிகளில் 6 பேர் ஒரு பக்கம், 5 பேர் மறுபக்கம். அரசியல் சட்டத் திருத்தமும் ஒரு சட்டமே, அடிப்படை உரிமைகளைப் பறிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது பெரும்பான்மை. ஆனால் அதுவரை செய்த திருத்தங்களை ரத்து செய்தால் நாடெங்கும் குழப்பம் வரும் என்பதால், தீர்ப்பு இனி வருவதற்கே பொருந்தும் என்று சுப்பா ராவ் ஒரு வழி கண்டார். நிலச் சீர்திருத்தத்தைத் தொடாமல், வருங்கால அதிகாரத்துக்கு மட்டும் வேலி போட்டார். அவரைப் பணக்காரர்களின் நீதிபதி என்று இகழ்ந்தவர்களும், திண்ணையில் கொண்டாடியவர்களும் இதைக் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 10 அன்று இன்னொரு தீர்ப்பு. பாஸ்போர்ட் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் இஷ்டம் என்றிருந்த நிலையை மாற்றி, வெளிநாடு செல்வதும் தனிமனித சுதந்திரமே என்றார். அதன் விளைவே அவ்வருஷம் வந்த பாஸ்போர்ட் சட்டம். நம் பிள்ளைகள் இன்று விமானம் ஏறும்போது அவரை யார் நினைக்கிறார்கள்?

மறுநாளே அவர் ராஜினாமா செய்தார். சுதந்திராக் கட்சி, ஜனசங்கம் உள்ளிட்ட எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, டாக்டர் ஜாகிர் உசேனிடம் தோற்றார். ஓய்வுக்கு மூன்று மாதமே பாக்கியிருந்தது. இந்த இடத்தில் எனக்கு அவரிடம் வருத்தம் உண்டு. ஆளும் கட்சியின் அதிகாரத்துக்கு வேலி போட்டவர், ஆறு வாரத்தில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளரானால், போட்ட வேலியையும் ஜனங்கள் சந்தேகிக்க மாட்டார்களா? தேர்தலில் நிற்க அவருக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. ஆனால் உரிமை இருப்பதெல்லாம் உசிதம் ஆகிவிடாது. அரசு உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

அவருக்குப்பின் தலைமை நீதிபதியான வாஞ்சூ, கோலக்நாத் வழக்கில் எதிர்த் தீர்ப்பு எழுதியவர். 1971-ன் 24-வது திருத்தம் அத்தீர்ப்பைத் தாண்டிச் சென்றது. 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் கோலக்நாத் தீர்ப்பைத் தள்ளினார்கள். ஆயினும் 7 பேர், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் தொடக்கூடாது என்றனர். வேலி இடம் மாறியது, ஆனால் நின்றது. நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976 மே மாதம் சுப்பா ராவ் காலமானார். அப்போது சிறையில் இருந்தவர்களுக்கு நீதிமன்றக் கதவும் மூடியிருந்தது.

1978-ன் 44-வது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. திண்ணையில் கொண்டாடிய உரிமை போயிற்று. ஆனால் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது, கரக் சிங் வழக்கில் சுப்பா ராவ் எழுதியதே சரி என்று ஏற்றார்கள். நிலத்துக்காகப் பேசியவர் என்று பெயர் வாங்கியவரின் வார்த்தை, கடைசியில் நின்றது நள்ளிரவில் கதவு தட்டப்பட்ட ஓர் ஏழைக்காக.

அந்த விவசாயி இன்று வந்து கேட்டால் எனக்குப் பதில் தெரியும். விதி செய்பவருக்கும் எல்லை உண்டு ஐயா, அதைக் கேட்க உங்களுக்கு உரிமையும் உண்டு என்பேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓய்வுக்காலம் வரை ஆயிற்று. உத்தியோகத்தில் இருக்கும் நம் இளைஞர்கள் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.