பிடியரிசிப் பள்ளியின் மாணவர்

தமிழ் கூறும் நல்லுலகம் பெருந்தலைவர் என்று போற்றும் காமராசரின் வாழ்க்கையை நம் சங்கத்து ஆண்டு விழா மலரில் எழுதப் புகுந்தோம். அவருடைய அரசியல் திறனையும் கட்சித் தொண்டினையும் எழுதியோர் பலர். நாம் அவற்றைச் சுருங்கக் கூறி, ஒரு பொருளை மட்டும் சற்றே விரித்துரைக்க விழைகின்றோம். பள்ளிக்குப் பணம் போதவில்லை என்னும் நெருக்கடி வந்தபோது அவர் யாது செய்தார் என்பதே அப்பொருள்.

இதனை ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் ராமாபுரத்தைத் தன்னுட் கொண்டிருந்த பழைய கொள்ளேகால் வட்டம், 1956ஆம் ஆண்டு அக்டோபர் முடியச் சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. மாநிலச் சீரமைப்பின்படி அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் அது மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆதலின், 1954 ஏப்ரல் முதல் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக் காலம் காமராசர் இம்மண்ணிற்கும் முதலமைச்சராக இருந்தவர். அயலூர்த் தலைவர் ஒருவரைப் பற்றி நாம் எழுதவில்லை என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகின்றோம்.

காமராசர் 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள், அன்று விருதுபட்டி என வழங்கிய விருதுநகரில், குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். இளம் பருவத்திலேயே தந்தையை இழந்தார். அன்னையும் தங்கை நாகம்மாளும் அவரும் கொண்ட அச்சிறு குடும்பம், இருந்த சிறு பொருளைக் கொண்டு காலந் தள்ளிற்று.

அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, ஊர்மக்களே எழுப்பி ஊர்மக்களே காத்துவந்த பள்ளியாகும். வணிகர் தம் வணிகத்தின்மீது மகமை செலுத்தினர். இல்லத்துப் பெண்டிர் நாள்தோறும் உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்துப் பள்ளிக்கென அளித்தனர். அப்பிடியரிசியின் பயனால் வறியவர் வீட்டுப் பிள்ளையும் சம்பளமின்றி எழுத்தறிந்தான். பிற்காலத்து முதலமைச்சர் ஒருவர் அவ்வாறு பல வீட்டு அடுப்பங்கரையிலிருந்து வந்த அரிசியினால் எழுத்தறிந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

ஆயினும், சம்பளமில்லாப் பள்ளியும் அவரை இறுதிவரை நிறுத்தி வைக்க இயலவில்லை. குடும்பத்தின் வறுமை அவரை மாமனின் துணிக்கடைக்கு அனுப்பிற்று. பள்ளியில் கட்டணம் இல்லாமை மட்டும் போதாது, வீட்டில் பசியும் இல்லாதிருக்க வேண்டும் என்னும் உண்மையை அவர் நூல்களில் படித்து அறிய வேண்டியிருந்ததில்லை.

துணிக்கடையில் இருந்த இளைஞரை நாட்டு விடுதலை இயக்கம் ஈர்த்தது. 1930இல் வேதாரணியம் உப்பு அறப்போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். அலிப்பூர், வேலூர், அமராவதி எனப் பல சிறைகளில் அவர் கழித்த காலம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். பள்ளியில் விட்ட படிப்பைச் சிறையில் தொடர்ந்தார் என்று கூறின் மிகையாகாது. 1940இல் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவரானார். தமக்கென மனைவியும் மக்களும் வேண்டாது, பொதுவாழ்வே வாழ்வாகக் கொண்டார்.

இனி நம் பொருளுக்கு வருவோம். 1952இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக வந்தவர் இராஜாஜி. பதினான்கு வயது வரை அனைத்துப் பிள்ளைகளுக்கும் பத்தாண்டுக்குள் கட்டாய இலவசக் கல்வி வழங்க முயலுமாறு நாட்டின் அரசியல் சட்டம் பணித்திருந்தது. பள்ளிக்கு வெளியே நின்ற பிள்ளைகளோ மிகப் பலர். புதிய கட்டடத்திற்கும் புதிய ஆசிரியருக்கும் கருவூலத்தில் பணம் இல்லை. அந்நிலையில் 1953இல் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கென ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. ஐந்து மணி நேரப் பள்ளி மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகள் இரு முறையினராகப் பிரிக்கப்பட்டனர். காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் மற்றொரு கூட்டம். அதே கட்டடம், அதே ஆசிரியர், இருமடங்கு பிள்ளைகள். எஞ்சிய நேரத்தில் பிள்ளை தன் தந்தையின் தொழிலைப் பழகலாம் என்பது ஏற்பாடு.

இத்திட்டத்தை வகுத்தவரின் நோக்கத்தைப் பழிப்பது நம் கருத்தன்று. கையிலிருந்த பணத்திற்கு ஏற்பக் கணக்கு நேராக வேண்டும் என்று அவர் எண்ணினார். கணக்கும் ஏட்டில் நேராயிற்று. ஆனால் நேரானது எதனைக் குறைத்து? பிள்ளையின் பள்ளி நேரத்தைக் குறைத்து. யாருடைய பிள்ளையின் நேரத்தை? நகரத்துப் பிள்ளையினதன்று, ஊர்ப்புறத்துப் பிள்ளையினது. தந்தையின் தொழிலுக்கே மகனைத் திருப்பி அனுப்பும் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அழைத்தனர். பெரியாரும் பிறரும் கடுமையாக எதிர்த்தனர். ஆளுங் கட்சிக்குள்ளேயும் எதிர்ப்பு வலுத்தது. இராஜாஜி பதவி விலகினார்.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மே மாதத்திலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. அதனை அறிவித்தவர் சி. சுப்பிரமணியம். நிதி, கல்வி ஆகிய இரு துறைகளும் அவர்வசமே இருந்தன. கருவூலத்தின் சாவியை வைத்திருந்தவரே பள்ளிக்கும் பொறுப்பாளர். ஆதலின், பணமில்லை என்று ஒரு துறை மற்றொரு துறையின்மீது பழி போட இடமில்லாது போயிற்று.

திட்டம் போயிற்று. ஆனால் பணத்தட்டுப்பாடு போகவில்லை. முன்னவருக்கு இருந்த அதே வெற்றுப் பெட்டிதான் காமராசருக்கும் இருந்தது. அவர் செய்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

முதலாவது, ஆசிரியர். கல்வி கற்று வேலையின்றி இருந்த இளைஞர்களுக்கு வேலை தருவதற்கென மத்திய அரசு அந்நாளில் உதவி வழங்கியது. அவ்வுதவியைக் கொண்டு, பள்ளியே இல்லாத ஊர்களுக்கு ஆசிரியர்கள் அனுப்பப்பட்டனர். 500 பேர் வாழும் ஊருக்கு ஒரு பள்ளி என்றும், பின்னர் 300 பேர் வாழும் ஊருக்கும் ஒன்று என்றும் அளவு வகுக்கப்பட்டது. 1955இல் உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியம், சேமநிதி, ஆயுள் காப்புறுதி ஆகிய மூன்றும் கிடைக்க வழி செய்யப்பட்டது. முதுமையில் கஞ்சிக்கு வழியில்லை என்னும் அச்சம் உடையவன் மனம் ஒன்றிப் பாடம் நடத்த இயலாதன்றோ?

இரண்டாவது, உணவு. 1956இல் தொடக்கப் பள்ளிகளில் பகலுணவுத் திட்டம் தொடங்கப் பெற்றது. செலவில் ஒரு பகுதியை அரசும் மற்றொரு பகுதியை ஊர்மக்களும் ஏற்றனர். கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று இதற்கு உழைத்தார்.

மூன்றாவது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். 1958 முதல் ஊர்தோறும் இவை நடந்தன. பள்ளிக்கு இன்னின்ன பொருள் தேவை என்று பட்டியல் எழுதி மக்கள் முன் வைத்தனர். ஒருவர் நிலம் தந்தார். ஒருவர் கூரை வேய்ந்தார். மணியும் பலகையும் தேசப்படமும் சீருடையும் வந்து குவிந்தன. விருதுநகரத்துப் பிடியரிசி மாநிலம் முழுமைக்கும் பரவிற்று என்றே நாம் கூறுவோம்.

இவற்றைத் தொடர்ந்து, உயர்நிலைப் பள்ளிச் சம்பளமும் முதலில் வறியவர்க்கும் பின்னர் அனைவர்க்கும் நீக்கப்பட்டது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். காமராசர் ஊரிடம் கேட்டது பலகையும் மணியும் அரிசியும். ஆசிரியர் ஊதியத்தை அவர் ஊரின்மேல் சுமத்தவில்லை. அது அரசின் கடன் என்று கொண்டார். மக்கள் தரும் பிடியரிசி அரசின் பணத்திற்குத் துணை ஆகலாம், மாற்று ஆகலாகாது. அவருடைய கல்விப் பணியிலிருந்து நாம் கற்கும் பாடம் இதுவே.

குறை ஒன்றும் இல்லை என்று கூற மாட்டோம். பள்ளிகள் பெருகிய விரைவில் ஆசிரியர் பெருகவில்லை. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் கட்டி மேய்த்த பள்ளிகள் எத்தனையோ. ஆயினும், நேரத்தைக் குறைத்துப் பிள்ளையை வெளியே அனுப்புவதினும், நெருக்கடியோடாயினும் உள்ளே அழைத்து, பின்னர் ஆசிரியரைத் தேடுவது மேல் என்பது அவர் கொண்ட வழி. அழைத்தது அவர் காலம். ஆசிரியரைத் தேடி நிரப்பும் கடமை அவருக்குப் பின் வந்தோர் அனைவரையும் சார்ந்தது.

1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் முதலமைச்சர் பதவியை விடுத்துக் கட்சிப் பணிக்குச் சென்றார். அனைத்திந்தியக் காங்கிரசின் தலைவராக விளங்கினார். 1975ஆம் ஆண்டு அதே அக்டோபர் 2ஆம் நாள் இயற்கை எய்தினார். அதுகாறும் சென்னையில் அவர் வாழ்ந்தது வாடகை வீட்டில். மறு ஆண்டு பாரத ரத்னா விருது அவருக்கு அளிக்கப்பெற்றது. 2006 முதல் தமிழ்நாட்டில் அவர் பிறந்த நாள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அவர் தொடங்கிய பகலுணவு 1982இல் சத்துணவாக விரிந்தது, 2022இல் காலை உணவும் அதனோடு சேர்ந்தது. நம் கருநாடகத்திலும் அட்சர தாசோகம் என்னும் பெயரால் பள்ளிப் பிள்ளைகள் நண்பகலில் உண்கின்றனர்.

பகலுணவு நிலைத்துவிட்டது. ஆசிரியர் எண்ணிக்கையோ இன்றும் வாதத்திற்கு உரியதாகவே இருக்கின்றது. பள்ளிச் செலவில் பெரும்பகுதி ஆசிரியர் ஊதியமே. ஆதலின் கல்விக்கான ஒதுக்கீட்டைச் சுருக்கும் அரசு, பள்ளியை மூடுவதாக அறிவிக்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்றவர் இடத்தை நிரப்பாமல் விட்டாலே போதும். இரண்டு வகுப்புகள் ஓரறையில் சேரும். முப்பது அறுபதாகும். இழப்பு வரவு செலவுத் திட்ட ஏட்டில் தெரியாது, பிள்ளையின் சிலேட்டில்தான் தெரியும்.

கணக்கெழுதும் தொழிலுடைய நாம் ஒரு சிறு கணக்கிடுவோம். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருப்பின், ஆசிரியர் தனித்தனியே நோக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைப்பது எண்பது நொடி. அறுபது பேர் இருப்பின் நாற்பது நொடி. இராஜாஜியின் திட்டம் பள்ளி நேரத்தை வெளிப்படையாகக் குறைத்தது. அதனால் மக்கள் கண்டனர், எதிர்த்தனர், வென்றனர். நிரப்பப்படாத ஆசிரியர் இடமோ அதே நேரத்தை ஓசையின்றிக் குறைக்கின்றது. ஆதலின் எதிர்ப்பாரும் இல்லை. நிலையத்தில் ஒரு வண்டியைத் தவறவிட்டவர் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கலாம். இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தவறிய பிள்ளைக்கு அடுத்த வண்டி எளிதில் வருவதில்லை.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியரும், தொண்ணூறு வரை மூவரும் இருக்க வேண்டும் என்று வரையறுத்துள்ளது. அரசுப் பள்ளிதோறும் பெற்றோர் அடங்கிய மேலாண்மைக் குழு ஒன்றும் வேண்டும் என்கின்றது. காமராசர் காலத்து மக்களுக்கு இத்தகைய சட்டத் துணை கிடையாது. நமக்கு உண்டு.

நம் சங்கத்து அன்பர் பலர் தம் பிள்ளைகளைக் கட்டணப் பள்ளிக்கு அனுப்பும் நிலையை அடைந்துள்ளனர். அது அவரவர் உரிமை. ஆனால் வாயுள்ளவர் யாவரும் அரசுப் பள்ளியை விட்டு வெளியேறினால், உள்ளே எஞ்சும் பிள்ளைக்காகப் பேசுவார் யார்? அப்பிள்ளை பயிலும் மொழி தமிழாயினும் கன்னடமாயினும் அமரும் பலகை ஒன்றே. ஆதலின், ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் சூன் மாதத்தில் நம் சங்கத்தார் இருவர் அண்மையிலுள்ள அரசுப் பள்ளிக்குச் சென்று, பிள்ளைகள் எத்தனை பேர், ஆசிரியர் எத்தனை பேர் என எண்ணி வருவாராக. சட்டம் கூறும் அளவுக்குக் குறைவிருப்பின், பெற்றோரோடு சேர்ந்து சங்கத்தின் பெயரால் கல்வித் துறைக்கு விண்ணப்பம் எழுதுவோம். பலகையும் மணியும் வேண்டுமாயின் நாம் பிடியரிசி தருவோம். ஆசிரியரை மட்டும் அரசிடமே கேட்போம், கிடைக்கும் வரை கேட்போம்.

மாலை சூட்டுவது எளிது. எண்ணி வருவது சற்றுக் கடினம். கடினமானதையே காமராசர் விரும்பியிருப்பார் என்பது நம் துணிபு.

வாழ்க பெருந்தலைவர் புகழ்! வளர்க நம் பிள்ளைகள் கல்வி!