காற்றுக்கு வழிவிட்ட துறைமுகத் தலைவர்: சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய பேட்டைகளிலிருந்து நம் கல்லூரிக்குப் படிக்க வந்தவர்கள் ஏராளம். அவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் அடுப்பு எரிந்தது துறைமுகத்து வருமானத்தில்தான். ஆனால் அந்தத் துறைமுகத்தை இன்றைய வடிவத்துக்கு அடியெடுத்துக் கொடுத்தவர் யார் என்று கேட்டால், சட்டென்று பதில் வராது. கணித மேதை ராமானுஜன் அங்கே குமாஸ்தாவாக இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய மேலதிகாரி யார் என்பது சிலருக்கே தெரியும். அந்த மேலதிகாரிதான் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். சென்னையில் சின்னப் பாய்ப்படகுப் பந்தயத்துக்கு ஒரு சங்கம் வைத்தவரும் அவரே. இம்மலரில் அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

அயர்லாந்திலிருந்து வந்தவர்

பிரான்சிஸ் ஜோசப் எட்வர்ட் ஸ்பிரிங் 1849-ல் பிறந்த அயர்லாந்துக்காரர். டப்ளின் டிரினிடி கல்லூரியில் படித்துவிட்டு, 1870-ல், இருபத்தோரு வயதில், இந்திய அரசின் பொறியியல் பணிக்கு வந்து சேர்ந்தார். இந்தியா முழுக்க ரயில் பாதைகள் பரவிக்கொண்டிருந்த காலம் அது. பாதை போடுவது பெரிய காரியமில்லை, ஆறுகளைத் தாண்டுவதுதான் பெரிய பாடு. நம் ஊர் ஆறுகள் ஒரு வருஷம் இந்தக் கரை ஓரமாகப் போகும், அடுத்த வருஷம் அந்தக் கரைக்குப் போய்விடும். பாலத்தை ஓரிடத்தில் கட்டிவிட்டு, ஆறு வேறிடத்தில் ஓடினால் என்ன செய்வது?

இதற்குப் பெல் என்ற பொறியாளர் ஒரு வழி கண்டிருந்தார். ஆற்றை மறிக்காமல், பாலத்துக்கு மேலும் கீழுமாக இரு பக்கமும் வளைந்த கரைகளை எழுப்பி, வெள்ளத்தைப் பக்குவமாக நடுவழிக்குக் கொண்டுவருவது. அந்த முறையை விரிவாக ஆராய்ந்து, கரை எவ்வளவு நீளம், எவ்வளவு வளைவு, எவ்வளவு கல் என்று கணக்கு வகுத்து 1903-ல் நூலாக வெளியிட்டவர் ஸ்பிரிங். சிவில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி தங்கைகள் கைடு பண்டு பாடத்தில் இன்றைக்கும் அவர் பெயரைப் பார்க்கலாம். கோதாவரிப் பாலம் முதலான பெரிய பாலப் பணிகளிலும் அவருக்குப் பங்கு உண்டு.

மறிக்காதே, திருப்பிவிடு என்பதுதான் அந்த நூலின் சாரம். பின்னால் சென்னையில் அவர் செய்த வேலைகளைப் பார்த்தால், இந்த ஒரு எண்ணம் விடாமல் கூடவே வந்தது தெரியும்.

வாயை மாற்றிய துறைமுகம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். மசூலாப் படகுகள் அலையில் ஏறி இறங்கி ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். பிரயாணிகள் நனைவதும், சரக்கு கடலில் போவதும் சர்வ சாதாரணம். 1875-ல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு நீண்ட கற்சுவர்கள் எழுந்தன. வாசல் கிழக்கே, நேரே கடலைப் பார்த்து. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் சுவர்களைச் சிதைத்துவிட்டுப் போனது. திரும்பக் கட்டினார்கள். கட்டிய பிறகும் நிம்மதியில்லை. கிழக்கு வாசல் வழியே அலை உள்ளே புகுந்து கப்பல்களை ஆட்டி வைத்தது, மணலும் வாசலை நெருங்கிக்கொண்டே வந்தது.

1904-ல் ஸ்பிரிங் துறைமுகக் கழகத்தின் தலைவராக வந்தார். வயது ஐம்பத்தைந்து. மற்றவர்கள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறும் வயசு! இவர் கடற்கரையில் மணலை அளக்கத் தொடங்கினார். வருஷத்தில் பெரும்பகுதி நாட்களில் நம் கரையில் அலை தெற்கிலிருந்து சாய்வாக வருகிறது. அதனோடு மணலும் கரையோரமாக வடக்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் டன் என்று பேசப்படும் நடை அது. கிழக்கு வாசலை வைத்துக்கொண்டு இத்தனை அலையோடும் மணலோடும் மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது.

ஆகவே அவர் கிழக்கு வாசலை அடைத்துவிட்டார். வடகிழக்கு மூலையில் புதிய வாசலைத் திறந்து, அதைக் காக்க வடக்கு நோக்கி ஒரு நீண்ட கற்கரத்தையும் நீட்டினார். தெற்கிலிருந்து வரும் அலை இப்போது துறைமுகத்தின் முதுகில் மோதியது, முகத்தில் அல்ல. உள்ளே கப்பல் கரையை ஒட்டி நிற்கத் துறைமேடைகளும், கிடங்குகளும், ரயில் தண்டவாளங்களும் வந்தன. 1919-ல் அவர் விடைபெற்றபோது, மசூலாப் படகை நம்பியிருந்த ஊர் ஒரு நவீனத் துறைமுகத்தின் சொந்தக்காரராக ஆகியிருந்தது. 1911-ல் சர் பட்டமும் வந்தது.

பாய்ப்படகுக்கு ஒரு சங்கம்

அதே 1911-ல்தான் அவர் சென்னையில் பாய்ப்படகுச் சங்கத்தைத் தொடங்கினார். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று இன்றைக்கும் துறைமுகத்துக்குள்ளேயே, ஸ்பிரிங்ஹேவன் துறைமேடையில் அது இருக்கிறது. துறைமேடையின் பெயரே அவரை நினைவூட்டுகிறது, பாருங்கள்.

துறைமுகத் தலைவருக்கு விளையாட்டுப் படகில் என்ன வேலை என்று கேட்கலாம். அவர் சொந்த நாட்டை நினைத்துப் பார்த்தால் புரியும். ஒரே அளவு, ஒரே அமைப்பில் செய்த சின்னப் படகுகளை வைத்துப் பந்தயம் விடும் வழக்கத்துக்கு உலகிலேயே முன்னோடி, டப்ளினை அடுத்த கிங்ஸ்டவுன் துறைமுகத்தில் 1887-ல் ஆரம்பித்த வாட்டர் வாக்ஸ் என்ற குழு. படகு எல்லோருக்கும் ஒன்றே. பணக்காரன் பெரிய படகு வாங்கி ஜெயிக்க முடியாது. கை, கண், மூளை மூன்றையும் வைத்துத்தான் ஜெயிக்க வேண்டும். அந்தக் கிங்ஸ்டவுனும் கற்சுவர் கட்டி உண்டாக்கிய துறைமுகம்தான். சுவர் அலையைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. அலையில்லாத நீர், தடையில்லாத காற்று: சின்னப் படகுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஸ்பிரிங் கட்டிய சுவர்கள் சென்னையிலும் அப்படியொரு குளத்தைக் கொடுத்தன.

ஆனால் அது சுலபமான குளம் அல்ல, அதிலும் ஐப்பசி முதல் மார்கழி வரை. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது ஒரே சீராக வராது. கிடங்குகளுக்கும் நிற்கும் கப்பல்களுக்கும் இடையே புகுந்து, இங்கே அறைந்து, அங்கே செத்து, மறுபடி வேறு பக்கமிருந்து அறையும். சின்ன டிங்கியில் எஞ்சின் கிடையாது, அடியில் பாரமும் கிடையாது. ஓட்டுகிறவரின் உடம்புதான் பாரம். காற்று அறைந்ததும் படகின் விளிம்பில் கால் மாட்டி, முதுகு தண்ணீரைத் தொடுமளவுக்கு வெளியே சாய வேண்டும். அதே நொடியில் பாய்க்கயிற்றை இளக்க வேண்டும். காற்று விட்டதும் உள்ளே வந்துவிட வேண்டும். அரை நொடி பிந்தினால் படகு கவிழும். கவிழ்ந்தால் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று நிமிர்த்தி, சொட்டச் சொட்ட நனைந்த உடம்போடு மறுபடி ஓட வேண்டியதுதான். மார்கழிக் காலையில் சென்னையின் இருபது டிகிரியே அப்போது நடுங்க வைத்துவிடும்! நியூயார்க் பக்கத்தில் 1932 புத்தாண்டு நாளிலிருந்து உறைபனிக் குளிரிலேயே டிங்கிப் பந்தயம் விடுகிறார்கள். அதை நினைத்தால் நம் குளிர் குளிரே இல்லை.

இந்த விளையாட்டில் காற்றை எதிர்த்து நேரே போக முடியாது. காற்று வரும் திசைக்குப் போக வேண்டுமானால் இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்துதான் ஏற வேண்டும். ஆற்றுக்கும் கடல் அலைக்கும் ஸ்பிரிங் வைத்த அதே சட்டம்தான் இங்கேயும்.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்துக் கிளப்புகள் வெள்ளைக்காரர்களின் வட்டம். சுவருக்கு வெளியே, அதே வாடையில், நம் மீனவர்கள் கட்டுமரத்தில் பாய் கட்டித் தினம் தினம் கடலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காற்று விளையாட்டல்ல, வயிற்றுப்பாடு.

முப்பது ரூபாய் குமாஸ்தா

1912 மார்ச் முதல் தேதி, துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் ஓர் இளைஞர் சேர்ந்தார். எஃப்.ஏ. பரீட்சை தேறாதவர். பெயர் சீனிவாச ராமானுஜன். அவருடைய மேலாளர் எஸ். நாராயண ஐயருக்குக் கணக்கில் ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. இந்தப் பையனின் நோட்டுகளில் இருப்பது சாதாரண விஷயமில்லை என்று ஸ்பிரிங்கிடம் எடுத்துச் சொன்னவர் அவர்தான்.

ஸ்பிரிங் என்ன செய்திருக்கலாம்? அலுவலக நேரத்தில் சொந்தக் கணக்கா என்று மெமோ கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. தனக்குப் புரியாத கணிதம் என்பதை ஒத்துக்கொண்டு, புரிந்தவர்களைத் தேடினார். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித்தோடு கடிதப் போக்குவரத்து நடந்தது. கிரிஃபித் லண்டனுக்கு எழுதினார். 1913 பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது, ராமானுஜனின் நோட்டுகளை அவர் பார்வைக்கு வைத்தார் ஸ்பிரிங். வாக்கர் தாமதிக்காமல் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசு செய்தார். மே மாதம் முதல் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. பிறகு ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப் பணம் வேண்டியிருந்தபோது, கவர்னர் அலுவலகம் வரை எழுதினார் ஸ்பிரிங். 1914 மார்ச் 17 அன்று, அவர் திருத்திக் கட்டிய அதே துறைமுகத்திலிருந்து நெவாசா கப்பலில் ராமானுஜன் கிளம்பினார். 1918-ல் அவர் ராயல் சொசைட்டி உறுப்பினரானபோது, பழைய முதலாளி இன்னும் துறைமுகத் தலைவர் நாற்காலியில்தான் இருந்தார்.

கிளம்பிய ஆறாவது மாதம், செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானிய எம்டன் கப்பல் குண்டு வீசி பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. ஊரே காலி செய்துகொண்டு ஓடியது. அந்த யுத்த காலம் முழுக்கத் துறைமுகத்தை நடத்தியவரும் ஸ்பிரிங்தான். 1919-ல் ஓய்வு பெற்றார். 1933-ல், எண்பத்து நான்காம் வயதில் காலமானார்.

கணக்கின் மறுபக்கம்

வடசென்னைக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. துறைமுகச் சுவரில் தடுபட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே நடந்திருக்க வேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்துத் தின்றது. 1876 முதல் 1975 வரை சுமார் 500 மீட்டர் கரை போயிற்று என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தெருவும் வீடும் கோயிலும் போன கதைகள் நம் குப்பங்களில் எல்லாப் பாட்டிமாருக்கும் தெரியும். இன்று கரை நெடுகக் கொட்டிக் கிடக்கும் பாறைகள் அதன் சாட்சி.

இந்தப் பழியை ஸ்பிரிங் தலையில் மட்டும் வைப்பது நியாயமில்லை. சுவர் அவருக்கு முன்பே எழுந்துவிட்டது. மணல் நடையை அளந்து, சென்னைத் துறைமுகத்தருகே மணல் நகர்வது பற்றி லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தில் கட்டுரை கொடுத்தவரே அவர்தான். ஆனால் அவர் தீர்த்தது கப்பலின் பிரச்சினையை. குப்பத்தின் பிரச்சினையை அவரும் தீர்க்கவில்லை, பின்னால் வந்தவர்களும் முழுசாகத் தீர்க்கவில்லை. துறைமுகத்துக்குள் இருக்கும் அமைதியான நீருக்கு வடக்கே ஒரு விலை கொடுக்கப்பட்டது. அதைக் கொடுத்தவர்கள் நம்மவர்கள்.

அப்படியானால் அந்த நீரில் நமக்கும் உரிமை உண்டல்லவா? இன்று சென்னைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரர் வட்டம் இல்லை. சிறுவர் சிறுமியர் எட்டடிக்கும் குறைவான ஆப்டிமிஸ்ட் படகில் பழகுகிறார்கள். சென்னையில் பாய்ப்படகு கற்ற நேத்ரா குமணன், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டிய முதல் இந்தியப் பெண். அதே போட்டியில் சென்னையின் கணபதியும் வருண் தக்கரும் ஓடினார்கள். ஆனால் காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் எத்தனை பேர் அந்தத் துறைமேடை வரை போயிருக்கிறோம்? அப்பாவும் தாத்தாவும் காற்றைப் படித்தவர்கள். பிள்ளைகளுக்கு அது ரத்தத்திலேயே இருக்கும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியில் கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் பரிசு வைக்கிறோம். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்காவது வருஷா வருஷம் பாய்ப்படகுப் பயிற்சிக் கட்டணத்தைச் சங்கம் ஏற்றுக்கொள்ளலாம். மாணவத் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: பரீட்சையில் தவறியவனிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு ஸ்பிரிங்கும் ஒரு நாராயண ஐயரும் எல்லா ஆபீசிலும் கிடைக்க மாட்டார்கள். நாளைக்கு நீங்கள் நாற்காலியில் உட்காரும்போது, எதிரே நிற்கும் முப்பது ரூபாய் குமாஸ்தாவின் நோட்டைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள்.