கார்ல் ரோஜர்ஸ்

கார்ல் ரான்சம் ரோஜர்ஸ் (சனவரி 8, 1902 – பெப்ரவரி 4, 1987) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த உளவியலாளர் ஆவார். ஆபிரகாம் மாசுலோவுடன் இவரும் மனிதநேய உளவியலின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். உளப்பகுப்பாய்வு மனித ஆளுமையை நனவிலி உந்துதல்களைக் கொண்டு விளக்கியது. நடத்தையியல் அதனைப் புறத் தூண்டல்களைக் கொண்டு விளக்கியது. இவ்விரண்டிற்கும் மாறாக, ஒருவர் தம்மைத் தாமே எவ்வாறு காண்கிறார் என்பதையே ரோஜர்ஸ் ஆளுமையின் மையமாகக் கொண்டார்.

இளமையும் கல்வியும்

இலினொய் மாநிலத்தில், சிக்காகோவை அடுத்த ஓக் பார்க் என்னும் ஊரில் ஆறு பிள்ளைகளுள் நான்காமவராகப் பிறந்தார். தந்தை குடிசார் பொறியாளர். பெற்றோர் சமயக் கட்டுப்பாடு மிக்க புரோட்டஸ்தாந்து கிறித்தவர்கள். ரோஜர்சுக்கு 12 வயதானபோது குடும்பம் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. அங்கு அந்துப்பூச்சிகளை வளர்த்தும் வேளாண் நூல்களைப் படித்தும் அறிவியல் ஆய்வுமுறையில் ஈடுபாடு கொண்டார்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதலில் வேளாண்மையும் பின்னர் வரலாறும் பயின்றார். 1922 இல் கிறித்தவ மாணவர் மாநாட்டிற்காகச் சீனாவின் பீக்கிங் நகருக்குச் சென்றார். பல நாட்டினருடன் பழகிய அப்பயணம் பெற்றோரின் இறுக்கமான சமயப் பார்வையிலிருந்து அவரை விலகச் செய்தது. 1924 இல் பட்டம் பெற்று, எலன் எலியட் என்பவரை மணந்தார். நியூயோர்க்கில் இரண்டு ஆண்டுகள் இறையியல் கற்றபின் உளவியலுக்கு மாறி, 1931 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

ரோச்செஸ்டரில் ஏற்பட்ட திருப்பம்

1928 முதல் ரோச்செஸ்டர் நகரில் சிக்கலுக்குள்ளான சிறுவர்களுக்கு உதவும் அமைப்பில் பணியாற்றினார். அங்கு அடங்காத சிறுவன் ஒருவனின் தாயிடம், மகனை அவர் மனத்தளவில் ஒதுக்கியதே சிக்கலுக்குக் காரணம் எனப் புரியவைக்கப் பலமுறை முயன்றார். பயன் ஏதும் இல்லை. முயற்சியைக் கைவிடுவதென இருவரும் முடிவு செய்தனர். வாயிலை நெருங்கிய அத்தாய் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கு ஆலோசனை தருவீர்களா எனக் கேட்டார். பின்னர் தம் மணவாழ்வின் துயரத்தை அவர் தாமே சொல்லத் தொடங்கினார். ரோஜர்ஸ் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருந்தார். காலப்போக்கில் தாயின் நிலையும் மகனின் நடத்தையும் சீரடைந்தன. எங்கு வலிக்கிறது, எத்திசையில் செல்ல வேண்டும் என்பதைத் துன்பப்படுபவரே அறிவார் என்ற முடிவுக்கு வர இந்நிகழ்வு அவருக்கு உதவியது.

1940 இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1942 இல் வெளியான நூலில், ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஒரு சிகிச்சையின் உரையாடல் முழுவதையும் அச்சிட்டார். அதுவரை மூடிய அறைக்குள் நடந்த சிகிச்சை இதனால் பிறர் ஆராயக்கூடியதாயிற்று. உதவி தேடி வருபவரை நோயாளி என அழைப்பதைத் தவிர்த்து, நாடுநர் என்னும் பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தினார்.

ஆளுமைக் கோட்பாடு

ஒவ்வோர் உயிருக்கும் தன் ஆற்றல்களை முழுமையாக வளர்த்துக்கொள்ளும் இயல்பான நாட்டம் உண்டு என்பது ரோஜர்சின் அடிப்படைக் கருத்து. குழந்தைக்குப் பிறரின் அன்பும் மதிப்பும் தேவை. சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் மட்டுமே அன்பு கிடைக்கும் என்ற நிலையில், குழந்தை தன் உண்மையான உணர்வுகளை மறைக்கவும் மறுக்கவும் பழகுகிறது. இதனால் தன்னைப் பற்றிய கருத்துக்கும் தன் அனுபவத்துக்கும் இடையே முரண்பாடு தோன்றுகிறது. மனக்கலக்கத்திற்கு இதுவே காரணம் என்றார்.

இம்முரண்பாடு நீங்க, சிகிச்சையாளரிடம் மூன்று பண்புகள் வேண்டும் என 1957 இல் வரையறுத்தார்:

1. ஒத்துணர்வு: நாடுநரின் உலகை அவர் நிலையிலிருந்து உணர்தல்.
2. நிபந்தனையற்ற ஏற்பு: தீர்ப்புக் கூறாது அவரை மதித்தல்.
3. உண்மைத்தன்மை: சிகிச்சையாளர் போலி முகம் காட்டாதிருத்தல்.

ஆய்வுகளும் சோதனைகளும்

1945 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆலோசனை நடுவத்தை அமைத்தார். அங்கு நடந்த ஓர் ஆய்வில், 100 கூற்று அட்டைகளை நாடுநர்கள் இருமுறை வரிசைப்படுத்தினர்: தாம் இருக்கும் நிலைக்கேற்ப ஒருமுறை, இருக்க விரும்பும் நிலைக்கேற்ப மற்றொரு முறை. இரண்டிற்கும் இடையிலான சராசரி ஒட்டுறவுக் கெழு சிகிச்சைக்கு முன் –0.01 ஆகவும் பின் 0.34 ஆகவும் இருந்தது. இம்முடிவுகள் 1954 இல் நூலாக வெளிவந்தன.

இதே காலப்பகுதியில், கடும் உளப்பாதிப்புடைய ஒருவருக்குச் சிகிச்சை அளிக்கையில் ரோஜர்சே மனமுறிவின் விளிம்பை எட்டினார். மனைவியுடன் நகரை விட்டுச் சில மாதங்கள் விலகியிருந்தார். திரும்பிய பின் தம்முடன் பணியாற்றிய ஒருவரிடம் தாமே சிகிச்சை பெற்றார்.

1957 இல் விஸ்கான்சினுக்குச் சென்று, மனச்சிதைவு நோயாளர்களிடம் தம் முறையை ஆராய்ந்தார். சிகிச்சை பெற்ற குழு, பெறாத குழுவைவிடப் பொதுவாகச் சிறந்த முன்னேற்றம் காட்டவில்லை. மூன்று பண்புகள் மட்டுமே போதுமானவை என்ற கருத்தைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. மனிதரிடம் உள்ள தீமையை இவர் போதிய அளவு கருதவில்லை என ரோலோ மே 1982 இல் விமர்சித்தார்.

பிற்காலம்

1961 இல் வெளியான 'ஆன் பிகமிங் எ பர்சன்' என்ற நூல் இவரைப் பொதுமக்களிடையே புகழ்பெறச் செய்தது. 1964 இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவுக்குக் குடிபெயர்ந்தார். வட அயர்லாந்தின் கத்தோலிக்கரையும் புரோட்டஸ்தாந்தினரையும், நிறவெறி ஆட்சிக்காலத் தென்னாப்பிரிக்காவின் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் ஒரே குழுவில் அமர்த்திப் பேசச் செய்தார். இடுப்பெலும்பு முறிவுக்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின், 1987 இல் தமது 85 ஆவது அகவையில் காலமானார்.

இன்று பல்வேறு சிகிச்சை முறைகளைச் சேர்ந்த ஆலோசகர்களும் ஒத்துணர்வுடன் கேட்டலைத் தம் பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்கின்றனர்.