லண்டன் டு டார்வின்: 17 மணி நேரப் பயணத்துக்கு 19½ நாள் எடுத்த ஏமி ஜான்சன்

லண்டனில் இருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் நேராக அளந்தால் சுமார் 13,900 கி.மீ. இன்றைய ஜெட் விமானம் எங்கும் இறங்காமல் போனால் 17 மணி நேரம் போதும். 1930-ல் ஏமி ஜான்சனுக்கு இதே பயணம் 19½ நாள் பிடித்தது. பறந்த தூரமும் அதிகம்: சுமார் 17,700 கி.மீ. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

யார் இந்த ஏமி?

1903-ல் இங்கிலாந்தின் துறைமுக நகரமான ஹல்லில் பிறந்தவர். அப்பா மீன் வியாபாரி. ஷெஃபீல்ட் பல்கலையில் பொருளாதாரம் படித்துவிட்டு, லண்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். வேலை நேரம் போக மிச்சமெல்லாம் விமான கிளப்பில்தான். 1929-ல் பைலட் லைசென்ஸ் வாங்கினார். அதோடு நிற்காமல் மெக்கானிக் வேலையும் கற்று, தரைப் பொறியாளர் லைசென்ஸும் எடுத்தார். பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

தூரம் எப்படிக் கூடியது?

அவர் ஓட்டியது 'ஜேசன்' என்று பெயரிட்ட ஒரு பழைய ஜிப்ஸி மாத். ஒற்றை இன்ஜின், துணி போர்த்திய இறக்கை. இறங்க இடமும் பெட்ரோலும் கிடைக்கும் ஊர்களைக் கோத்துத்தான் வழி போட முடியும். வியன்னா, இஸ்தான்புல், அலெப்போ, பாக்தாத், கராச்சி, கல்கத்தா, ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர், ஜாவா, திமோர் என்று வழி வளைந்து வளைந்து போனது.

நேரம் எங்கே போனது?

ஜேசனின் வேகம் மணிக்கு சுமார் 135 கி.மீ. கணக்குப் போட்டால் மொத்தம் 130 மணி நேரம், அதாவது ஐந்தரை நாள்தான் பறக்கணும். மீதி 14 நாள்? தூக்கம், பெட்ரோல், இன்ஜின் பராமரிப்பு, ரிப்பேர். எல்லாம் தரையில்தான்.

மே 5-ல் லண்டனின் குராய்டனில் கிளம்பியவர் ஆறாவது நாளே கராச்சியில் இறங்கிட்டார். 1928-ல் 15½ நாளில் இந்த வழியைக் கடந்த பெர்ட் ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முன்னிலை! அப்புறம்தான் சோதனை. பெட்ரோல் தீர்ந்து ஜான்சி ராணுவ மைதானத்தில் இறங்க வேண்டியதாயிற்று. ரங்கூன் அருகே மழையில் தரையிறங்கும்போது விமானம் பள்ளத்தில் பாய்ந்து, இறக்கையும் ப்ரொப்பெல்லரும் உடைந்தன. அங்கிருந்த பொறியியல் பள்ளிக்காரர்கள் உதவியோடு சரிசெய்ய சில நாட்கள் போயின. ஜாவாவில் மூங்கில் குச்சிகள் இறக்கைத் துணியைக் கிழிக்க, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு கிளம்பினார்.

மே 24-ல் டார்வின். ஹிங்க்லரின் சாதனையை முறியடிக்க முடியவில்லை. ஆனால் இங்கிலாந்தில் இருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் ஆனார். வயது 26. அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பைலட் லைசென்ஸுக்கு எவ்வளவு பங்கோ, மெக்கானிக் லைசென்ஸுக்கும் அவ்வளவு பங்கு.

முடியாத பயணம்

இரண்டாம் உலகப்போரில், தொழிற்சாலைக்கும் ராணுவத் தளங்களுக்கும் இடையே விமானங்களைக் கொண்டுசேர்க்கும் வேலை பார்த்தார். 1941 ஜனவரி 5-ல் பிளாக்பூலில் இருந்து ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் கிளம்பினார். சுமார் ஒரு மணி நேரப் பயணம், அவ்வளவுதான். மோசமான வானிலை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் காற்றில் இருந்தவர், கடைசியில் தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்தார். காப்பாற்றக் குதித்த கடற்படை அதிகாரியும் உயிரிழந்தார். ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை.

ஜேசன் மட்டும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.