டப்பாவைத் தூக்கிப் போடாதீங்க: ஃபிராங்க் ஹார்ன்பியின் கதை

உங்க வீட்டுப் பரணில் பழைய பட்டுச்சேலை டப்பா ஒண்ணாவது இருக்கும். ஏனாத்தூரில் படிக்கிற நமக்கு இது புதுசு இல்லை. அந்த டப்பாவில் இருக்கும் கடை விலாசத்தை ஒரு தடவை பாருங்க. போன் நம்பருக்கு முன்னாடி 04112 இருந்தால் அது காஞ்சிபுரத்தின் பழைய எஸ்டிடி கோடு. 044-27 என்று ஆரம்பித்தால் அதுக்குப் பிறகு வந்த டப்பா. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்கு முன்னாடி அச்சடித்திருக்க முடியாது. ஜிஎஸ்டி நம்பர் இருந்தால் 2017-க்குப் பிறகுதான். சேலையைத் தொடாமலேயே டப்பாவுக்கு வயசு சொல்லிட்டோம்.

பழைய பொம்மை ரயில் சேகரிக்கிறவங்க உலகம் முழுக்க இதே வேலையைத்தான் செய்றாங்க. ரயிலை விட அது வந்த அட்டைப்பெட்டியை அதிக நேரம் பார்ப்பாங்க. அப்படிப் பார்க்கப்படும் பெட்டிகளில் நிறைய இடத்தில் இருக்கும் பெயர் ஹார்ன்பி. அந்த மனுஷன் யார் என்று தெரிந்தால்தான் பெட்டியில் இருப்பதைச் சரியாகப் படிக்க முடியும்.

ஃபிராங்க் ஹார்ன்பி 1863 மே 15 அன்று இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தார். அப்பா மளிகைச் சரக்கு வியாபாரி. ஹார்ன்பி 16 வயசில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவிடமே கணக்கு எழுதப் போனார். அப்பா இறந்ததும் அந்தக் கடை மூடப்பட்டது. பிறகு எலியட் என்ற இறைச்சி இறக்குமதியாளரிடம் கணக்கராகச் சேர்ந்தார். நல்லா கவனிங்க, இவர் இன்ஜினியர் இல்லை. டிகிரி இல்லை, ஒர்க்‌ஷாப் பயிற்சியும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகன்களுக்காகத் தகரத்தை வெட்டி கிரேன், பாலம் என்று பொம்மை செய்து கொடுப்பார். அதில் ஒரு சிக்கல். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனி பாகம் வெட்ட வேண்டியிருந்தது. எல்லாப் பட்டைகளிலும் ஒரே இடைவெளியில், அதாவது அரை அங்குலத்துக்கு ஒன்றாக, துளை போட்டுவிட்டால் எந்தப் பாகத்தையும் எதோடும் நட்டு போல்ட்டால் இணைக்கலாம் என்று யோசித்தார். இன்று கிரேன், நாளைக்கு அதே பட்டைகளில் பாலம். நாம் ஸ்டாண்டர்டைசேஷன் என்று பரீட்சையில் எழுதுவதை அவர் சாப்பாட்டு மேஜையில் செய்தார்.

காப்புரிமை வாங்கக் காசு இல்லை. முதலாளி எலியட் 5 பவுண்டு கடன் கொடுத்தார். 1901-ல் காப்புரிமை பதிவானது. எலியட்டே பங்குதாரராகவும் சேர்ந்துகொண்டார். லிவர்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியின் இன்ஜினியரிங் பேராசிரியர் ஹீலி ஷா இந்தப் பொம்மையைப் பாராட்டியது பெரிய உதவியாக இருந்தது. மெக்கானிக்ஸ் மேட் ஈஸி என்ற நீளமான பெயர் 1907-ல் மெக்கானோ ஆனது. 1914-ல் லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. இந்தத் தெருப் பெயரை ஞாபகத்தில் வைங்க.

முதல் உலகப்போர் வரைக்கும் பொம்மை ரயில் என்றால் ஜெர்மனிதான். போர் வந்ததும் ஜெர்மன் சரக்கு நின்றது. அந்த இடத்தை ஹார்ன்பி பிடித்தார். 1920-ல் சாவி கொடுத்தால் ஓடும் ரயில்கள் வந்தன. முதலில் வந்தவை மெக்கானோ மாதிரியே நட்டு போல்ட்டைக் கழற்றி மாட்டக்கூடியவை. 1925-ல் மின்சார ரயில் வந்தது. 1930-களில் டிங்கி என்ற குட்டிக் கார்கள் வந்தன. 1931-ல் எவர்டன் தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்கும் போனார். 1936 செப்டம்பர் 21 அன்று இறந்தார். கணக்கராக இருந்தவர் சாகும்போது கோடீஸ்வரர்.

சேகரிப்பாளர்களுக்குத் தேவையான கதை இனிமேல்தான் ஆரம்பிக்குது. மனுஷன் போய்விட்டார், பெயர் பெட்டி பெட்டியாகப் பயணம் செய்தது. 1938-ல் சிறிய அளவு ரயில்கள் ஹார்ன்பி டப்ளோ என்ற பெயரில் வந்தன. அதன் பெட்டிகளில் நீலக் கோடு போட்டவை முந்தியவை, சிவப்புக் கோடு போட்டவை பிந்தியவை. 1964-ல் மெக்கானோவை லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கியது. அவர்களுடைய ட்ரையாங் ரயிலோடு சேர்ந்து 1965-லிருந்து பெட்டியில் ட்ரையாங் ஹார்ன்பி. 1971-ல் லைன்ஸ் பிரதர்ஸ் சரிந்தது. 1972-லிருந்து ஹார்ன்பி ரயில்வேஸ். ஆக, பெயரைப் படித்தாலே பெட்டி எந்தக் காலம் என்று பிடித்துவிடலாம்.

இன்னும் நெருக்கமாகப் போகணுமா? மெக்கானோ கம்பெனியின் பல பெட்டிகளிலும் கையேடுகளிலும் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அதன் நடுவில் 751 என்று இருந்தால் 1951 ஜூலை. ஆனால் அது காகிதம் அச்சடித்த மாதம். மிச்சமான பெட்டியில் அடுத்த வருஷத்து ரயிலும் போயிருக்கலாம்.

இங்கே நமக்குத் தெரிந்த ஒரு லாஜிக் உதவும். பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு அடையாளமும் ஒரு லோயர் பவுண்ட். பார்கோடு இருந்தால் 1970-களுக்கு முன்னாடி இல்லை. இணையதள முகவரி இருந்தால் 1990-களுக்கு முன்னாடி இல்லை. எல்லாவற்றிலும் எது கடைசியாக வந்ததோ அதுதான் பெட்டியின் வயசைத் தீர்மானிக்கும். நான்கு அடையாளம் பழசாக இருந்து ஒன்று மட்டும் புதுசாக இருந்தால், ஜெயிப்பது அந்த ஒன்றுதான். விற்கிறவர் என்ன சொன்னாலும் சரி. இதில் காசும் இருக்கு. பழைய பெட்டியில் வேறொரு ரயிலை வைத்து விற்பது சுலபம். அதனால் பெட்டியில் அச்சிட்ட மாடல் நம்பரும் உள்ளே இருக்கும் இன்ஜினும் பொருந்துதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீங்க.

இந்தக் கதை நம்ம நாட்டுக்கும் வந்தது. 1960-களின் பிற்பகுதியில் டிங்கி கார்களின் தேய்ந்த அச்சுகள் கல்கத்தாவுக்கு விற்கப்பட்டன. அங்கே எஸ். குமார் அண்ட் கோ அதே கார்களை நிக்கி டாய்ஸ் என்று வார்த்தது. காரின் அடித்தகட்டில் டிங்கி என்ற எழுத்தைத் திருத்தி நிக்கி ஆக்கியிருப்பார்கள். கார் பார்க்க லிவர்பூல் மாதிரி, அடித்தகடும் பெட்டியும் கல்கத்தா என்று சொல்லும். பரணில் இப்படி ஒன்று கிடைத்தால் தகரம்தானே என்று விட்டுடாதீங்க.

பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். பட்டை வெட்டியவர்கள், பெயின்ட் அடித்தவர்கள், அந்தப் பெட்டிகளை மடித்தவர்கள் யார் பெயரும் எந்தப் பெட்டியிலும் இல்லை. ஹார்ன்பி பெயர் மட்டும் இருக்கு. நம்ம ஊரிலும் டப்பாவில் கடைப் பெயர்தான் இருக்கும், தறியில் உட்கார்ந்தவர் பெயர் இருக்காது. ஆனால் ஊரையும் வருஷத்தையும் சரியாகப் படித்துவிட்டால், அந்த வருஷம் அந்த ஊரில் யாரெல்லாம் வேலை பார்த்தாங்க என்று தேடவாவது ஒரு வழி கிடைக்கும். பெட்டி போய்விட்டால் அந்த வழியும் போய்விடும்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பொங்கலுக்கு வீட்டில் போகிக்குப் பரணைக் காலி பண்ணும்போது, அட்டைப்பெட்டியை நெருப்பில் போடுறதுக்கு முன்னாடி திருப்பி ஒரு தடவை படிங்க.